அழிக்க அழிக்க வந்த தாமரை

இது நடந்தது. கதை கட்டுகிறேன் என்பவர்கள் வந்து என் போனைப் பார்க்கலாம்.

பல்லடம் ரோட்டில் எங்கள் பனியன் கம்பெனியின் சாம்பிள் அறை. இருந்தது மூன்று பேர். ஜன்னலோரம் ஜோதிகா. மேசையின் தலைப்பக்கம் மேனேஜர் திருமூர்த்தி. அவருக்கு எதிரே நான், ரைசா. மதியம் மூன்றே கால். நல்ல வெயில்.

"கம்பெனி வாட்ஸ்அப் குரூப்ல கெடக்கற படத்தையெல்லாம் அழிச்சுப்போடுங்க. சும்மா கெடக்குதுன்னு நெனைக்காதீங்க. எங்கியோ அதையெல்லாம் சேத்துவெக்கற மெஷின் ரூம்ல அதுக்குக் கரண்டும் தண்ணியும் செலவாவுது" என்றார் திருமூர்த்தி.

"நேத்து நாப்பது ரோஜாப்பூ அனுப்புனது இவருதான் அக்கா" என்று ஜோதிகா முணுமுணுத்தாள்.

ஆனால் அவர் சொன்னது நியாயம். ஆறு வருடக் குப்பை. காலை வணக்கம், பூ, சாமி படம். நடுநடுவே துணிக் கலர் படங்கள். போனில் படம் பார்த்தே சாயத்துக்கு ஓகே சொல்வது எங்கள் பழக்கம். அப்படித்தான் ஒரு லோடு துணி தப்பான நீலத்தில் சாயமேறியது. அத்தனையையும் மறுபடி சாயம் போட்டார்கள்.

ஓகே வாங்காமலே சாயத்தை ஓட்டிவிட்டான் என்று சாயப்பட்டறைக் கன்னையன் மேல் பழி. அதே வாரம் அவர் பட்டறை விபத்தில் இறந்தார். அவர் மனைவி கருத்தம்மாவைச் செக்கிங் வேலையை விட்டு நிறுத்தினார்கள். குரூப்பில் அந்த நீலச் சாயம் ஓட்டிய தேதியில், 'இந்த மெசேஜ் அழிக்கப்பட்டது' என்று ஒரு வரி மட்டும் இருந்தது.

அழிக்க ஆரம்பித்தோம்.

டிங்.

கன்னையன். தாமரைப் படம். 'இனிய காலை வணக்கம்.'

அழித்தேன்.

டிங்... அதே தாமரை.

"அவனூட்டுல யாரோ வெளையாடறாங்க" என்றார் திருமூர்த்தி.

ஏசி ஓடிக்கொண்டிருந்தது. ஆனாலும் மூன்று திரைகளிலும் ஆவி படிந்தது. சாயப்பட்டறையின் புளித்த ஆசிட் வாடை...

டிங்.

தாமரை இல்லை. பழைய நீலத் துணியின் படம். கீழே திருமூர்த்தியின் பதில், தேதியோடு: 'ஓகே. ஓட்டு.'

"அழி."

"முடியாதுங்க" என்றேன்.

"வேலை வேணுமா, வேண்டாமா?"

"கருத்தம்மாக்காவுக்கும் வேணுமுங்க சார்."

என் போனைப் பிடுங்கினார்.

அலறிக்கொண்டே கீழே போட்டார்.

உள்ளங்கை கொப்பளித்திருந்தது.

குனிந்து எடுத்தேன். போன் சில்லென்று இருந்தது.

மாலையில் கருத்தம்மா வீட்டுக்குப் போனேன். கன்னையன் போன் இப்போது யாரிடம் என்று கேட்டேன்.

"கொதிதண்ணித் தொட்டியில விழுந்தப்ப சட்டைப் பையிலதான் இருந்துச்சு தாயி. அவரோட சேந்து அதுவும் வெந்துபோச்சு" என்றார்.

பூக்களையெல்லாம் அழித்துவிட்டேன். நீலப் படத்தை அழிக்கவில்லை. அதை அச்செடுத்து, நடந்ததை வரிசையாக எழுதினேன். தொழிலாளர் அலுவலகத்துக்கு. பெயரில்லாமல் போடு என்றாள் ஜோதிகா. அனுப்புநர் இடத்தில் என் முழுப்பெயரையும் எழுதி, உறையை ஒட்டி, பதிவுத் தபாலில் சேர்த்தேன்.