கலுங்கில் அடைத்த மண்

பிள்ளைகளா, நம்ம கண்மாய் நிறைவது எப்போதாவதுதான். அதனால் உபரித் தண்ணீர் வழிகிற கலுங்கின் கல் இடுக்குகளில் மண்ணை அடைத்து, இன்னும் ஒரு முழம் தேக்குவோம். அந்த வருஷம் அப்படி அடைத்த பிறகு மழை விடவில்லை. கரையின் வெளிப்பக்கம் நண்டு வளையில் தண்ணீர் கசிந்தது. எனக்கு இருப்புக்கொள்ளவில்லை.

"கலுங்குல அடைச்ச மண்ண வெட்டி விடுவோம்ணே," என்றேன் பக்கத்து வயல்காரரிடம்.

"ஏலே, வந்த தண்ணியக் கடலுக்கு அனுப்பிட்டுத் தை மாசம் பயிருக்கு எச்சியவா துப்புவ?"

"கசிவு கலங்கலா வருதுண்ணே. உள்ள கரை கரையுது."

அவர் உள்ளங்கையில் ஏந்திப் பார்த்தார். கை நிறையச் செம்மண். மண்வெட்டியை எடுத்துக் கலுங்கு மண்ணில் அவரே முதல் வெட்டு வெட்டினார்.

கரை நின்றது. மழையும் மறுநாளே நின்றது. தை மாதம் எங்கள் இருவர் வயலும் தண்ணீரில்லாமல் பாதி காய்ந்தன. இப்போதும் மழை வலுத்தால் சோற்றை விட்டுவிட்டு, கசிவு கலங்கும் முன்பே பார்த்துவிட நான் கரைக்கு ஓடுவது இதனால்தான்.