பச்சைக் கொடி

அந்த ஆளோட மூஞ்சியைப் பதினோரு வருஷம் கழிச்சு வாட்ஸ்அப்லதான் பார்த்தேன். அடையாறுல ஏதோ அடுக்குமாடிக் குடியிருப்புல ஞாயித்துக்கிழமை காலையில கூட்டம். தலைப்பு, 'வெயிலும் நம் உடம்பும்'. பேசப்போறவர் ஓய்வுபெற்ற ராணுவ டாக்டர். போட்டோவுல வெள்ளைச் சட்டை போட்டுப் பல்லைக் காட்டிக்கிட்டு இருந்தார். வெயிலைப் பத்தி நீ பேசுறியான்னு போனைப் பார்த்துக் கத்திட்டேன். மந்தைவெளி மார்க்கெட்ல பக்கத்துல கத்திரிக்காய் பொறுக்கிக்கிட்டிருந்த அம்மா தள்ளிப் போய் நின்னாங்க.

'இருந்தார்'னு சொல்றேன் பாருங்க. இன்னும் மரியாதைதான் வருது வாயில. பட்டாளத்துப் பழக்கம், நாசமாப் போக.

பாலைவனத்துல எங்க முகாம். நான் அவருக்குக் கீழ சுகாதாரப் பிரிவு. துப்பாக்கியைவிட குளோரின் டப்பாவைத்தான் அதிகம் தூக்கியிருப்பேன். தண்ணி டாங்கைப் பார்க்கணும், கக்கூஸ் குழிக்கு மருந்தடிக்கணும், யாருக்கு மூத்திரம் அடர்மஞ்சளா போகுதுன்னு விசாரிச்சு எழுதணும். "வந்துட்டான்யா மூத்திர இன்ஸ்பெக்டர்"னு கலாய்ப்பாங்க. கலாய்க்கட்டும். எவனும் படுக்கையில விழலைன்னா அது என் கெட்டிக்காரத்தனம்.

எல்லாத்தையும்விட முக்கியமான வேலை கொடி. மைதானத்துல வெட்டவெளியில ஒரு கம்பம், அதுல தெர்மாமீட்டர். அது காட்டுற சூட்டைப் பார்த்துக் கொடி ஏத்தணும். பச்சைன்னா ஓடலாம். சிவப்புன்னா ஒருத்தனும் ஓடக்கூடாது. அந்த வாரம் பெரிய அதிகாரிங்க பார்வையிட வர்றாங்க. தினம் சிவப்பே பறந்தா அவங்களுக்கு எதைக் காட்டுறது? டாக்டர் தெர்மாமீட்டரைக் கழட்டிட்டுப் போய்த் தன் கூடாரத்துல, ஏர் கூலர் பக்கத்துல மாட்டினார். "இனிமே இங்கதான் பார்க்கணும், புரியுதா?"ன்னார். புரிஞ்சுது சார்னு சொல்லிட்டுப் போய்ப் பச்சைக் கொடியை ஏத்தினேன்.

அன்னிக்கு முதுகுல மூட்டையோட ஓடினவங்கள்ல என் சிநேகிதனும் ஒருத்தன். பட்டினப்பாக்கத்துக்காரன், மீன்பிடிக்கிற குடும்பம். அந்த முகாம்ல மெட்ராஸ்காரங்கன்னா நாங்க ரெண்டே பேர்தான். பாதியில சுருண்டு விழுந்தான். தூக்கிட்டு வந்தப்போ உடம்பு தோசைக்கல்லா கொதிச்சது, ஒரு பொட்டு வியர்வை இல்லை. "வலையை இழு, வலையை இழு"ன்னு உளறிக்கிட்டே இருந்தான். வெயில் தாக்கினவன் அப்படித்தான் உளறுவான். எங்க பிரிவுல முதல் நாள் பாடமே அதுதான். ஐஸ் தண்ணியா ஊத்தினோம். சாயங்காலத்துக்குள்ள போயிட்டான்.

டாக்டர் ரிஜிஸ்டரை என் பக்கம் தள்ளினார். "எழுது. முந்தின நாள் குடிச்சிருக்கான். போதை தெளியாம ஓடியிருக்கான். அதான் உளறல்."

எழுதினேன். வேலை போயிடும்னு பயம், வேறென்ன.

அவன் குடிக்கவே மாட்டான். கல்யாணத்துக்கு முன்னாடி குடிச்சவன்தான். பொண்டாட்டிக்காக வேளாங்கண்ணிக்கு நடந்தே போய், மாதா முன்னாடி சத்தியம் பண்ணி விட்டவன். நான் எழுதினதை வச்சு ஒரு கடுதாசி அவ கைக்குப் போச்சு. மாதாவையே ஏமாத்திட்டானேன்னு அவன் போட்டோவை டிரங்குப் பெட்டிக்குள்ள குப்புறப் போட்டு மூடிட்டா. பதினோரு வருஷமா அது அங்கேதான் கிடந்தது. பட்டினப்பாக்கத்துல அவளுக்கு மீன் கடை. வாராவாரம் போவேன். "வா அண்ணே"ன்னு நல்ல வஞ்சிரமா ஒதுக்கி வச்சிருப்பா. அந்த 'அண்ணே'க்குப் பயந்தே வாயைத் திறக்காம இருந்தேன்.

வாட்ஸ்அப்பைப் பார்த்த அன்னிக்கே அவகிட்ட ஓடினேன். கூலர், கொடி, டாக்டர் சொன்ன பொய், எல்லாத்தையும் கொட்டினேன். எழுதின கை யாருதுங்கிறதை மட்டும் நைசா முழுங்கிட்டேன். அவ மீன் செதிலோட கத்தியைக் கீழ வச்சா.

"அந்தாளு இன்னா மூஞ்சிய வச்சிக்கினு பேசுறான்னு நான் பாக்கணும் அண்ணே."

எனக்கும் அதுதான் வேணும். நாலு பேர் முன்னாடி அந்த மூஞ்சி கறுக்கணும். அந்த ஒரு வாரமும் குளிக்கும்போதும் சாப்பிடும்போதும் இதே நினைப்புதான்.

கூட்டம் நடந்தது ஏசி ஹால்ல. மோர் குடிங்க, குடை பிடிங்கன்னு இனிக்க இனிக்கப் பேசினார். கேள்வி கேட்கலாம்னதும் கடைசி வரிசையிலிருந்து எழுந்தேன்.

"தெர்மாமீட்டரை எங்க மாட்டணும் டாக்டர்?"

"ஆளுங்க வேலை செய்யற இடத்துல. வெட்டவெளியில."

"ஏர் கூலர் பக்கத்துல மாட்டினா?"

என்னை அடையாளம் தெரிஞ்சுபோச்சு. சிரிப்பு அப்படியே உறைஞ்சது. அந்த நிமிஷம் எனக்கு இருந்த சந்தோஷத்தைச் சொன்னா பாவம்னுவீங்க. இருக்கட்டும்.

அப்போ அவ எழுந்தா. "சார், உச்சி வெயில்ல ஓடி வுயுந்தவன் ஒளறுனா, அது குடியா, வெயிலா?"

டாக்டர் மைக் ஒயரைச் சரிபண்ணினார். முன்வரிசையில உட்கார்ந்திருந்த ஒரு மாமி, "சொல்லுங்கோ டாக்டர், கேக்கறா இல்ல"ன்னாங்க.

"வெயில்தான்."

"எம் புருசன் குடிச்சானா சார்?"

மைக்கை மேஜையில வச்சார். "இல்லம்மா"ன்னார்.

அத்தோட விட்டிருந்தா நான் ஜெயிச்சிருப்பேன். ஆனா அவரும் பதிலுக்கு அடிக்கத் தெரிஞ்ச ஆள். என்னை நோக்கி விரலை நீட்டினார். "ஆனா குடிச்சான்னு ரிஜிஸ்டர்ல எழுதினது என் கை இல்லம்மா. உன் பக்கத்துல நிக்கிறாரே, அவர் கை. பச்சைக் கொடி ஏத்தினதும் அவர்தான்."

அவ திரும்பினா. நீங்க சொல்லித்தானே எழுதினேன்னு கத்தியிருக்கலாம். ஆமான்னு தலையை மட்டும் ஆட்டினேன். அவ செருப்பை மாட்டிக்கிட்டுத் தனியா பஸ் ஏறிட்டா.

அந்த ஆளை இப்போ எவனும் கூட்டத்துக்குக் கூப்பிடுறதில்லைன்னு கேள்விப்பட்டேன். இன்னும் நல்லா வேணும்.

அடுத்த ஞாயிறு மீன் கடைக்குப் போனேன். அவ பின்னாடி ஆணியில போட்டோ தொங்குச்சு. புது மல்லிப்பூ மாலை, அவனோட பழைய சிரிப்பு. நாலு பேருக்குப் பின்னாடி நின்னேன், என் முறை வந்தது. அவ கத்தியைத் துடைச்சுக்கிட்டே நிமிர்ந்து பார்த்தா.

"இன்னா சார் வோணும்?"