ஏரிக்கரையின் கறுப்புப் பழம்

என் கணவர் கோத்தகிரிக்காரர். நூம்பலில் அடுக்குமாடி வீடு வாங்கிக் குடிவந்த பிறகும் அவர் மனசு மலையை விட்டு இறங்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை நாங்கள் இருவரும் மகளோடு ஏரிக்கரையில் நடந்தபோது, கட்டட இடிபாடு கொட்டிய மேட்டில் முள்ளும் சொரசொரப்புமாக ஒரு புதரைக் கண்டு நின்றுவிட்டார். கொத்துக் கொத்தாகக் கறுப்புப் பழம்.

"எங்க ஊரு முள்ளுப்பழம். பிளாக்பெர்ரி. டீத்தோட்டத்து ஓரமா பறிச்சுத் தின்னிருக்கேன்."

கைபேசியில் படம் எடுத்தார். செடியின் பெயர் சொல்லும் செயலி சில பெயர்களைக் காட்டியது. அதில் ஒன்று பிளாக்பெர்ரி. மற்றதை அவர் படிக்கவே இல்லை. மனுஷனுக்கு வேண்டியது கிடைத்துவிட்டால் அப்புறம் கண் எதற்கு?

எனக்கு எரிச்சல் வந்தது. எங்கள் கோவில்பட்டிப் பக்கம் இதை உண்ணிச்செடி என்போம்.

"உங்க பழத்துக்கு மூணு மூணா இலை, தண்டெல்லாம் மயிருன்னு நீங்கதான சொன்னீங்க? இது ஒத்தை இலை. தண்டு சதுரமா இருக்கு. கசக்கி மோந்து பாருங்க. குளிர்ல வளர்றது இந்த வெயில்ல எப்படிங்க வளரும்? பழம்கூடப் போகட்டும், காய் விஷம். மேஞ்ச ஆடு கண்ணு மஞ்சளாகிச் செத்ததைப் பார்த்திருக்கேன்."

மகள் அப்போது தூரத்தில் தும்பி துரத்திக்கொண்டிருந்தாள். அவள் திரும்பி வந்தபோது, அவர் இரண்டு பழத்தை வாயில் போட்டுக் கண்ணை மூடி, "எங்க ஊருக்கே போயிட்டேன்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அவள் அப்பா முகத்தையே பார்த்தாள். அந்தப் பார்வை எனக்கு என்னவோ போலிருந்தது.

அடுத்த சனிக்கிழமை கீழே விளையாடப் போன மகள் சோர்ந்துபோய்த் திரும்பினாள். சோறு வேண்டாம் என்றாள். கை கழுவிவிட்டேன். விரலில் அந்த இலை நாற்றம். கொஞ்ச நேரத்தில் வாந்தி எடுத்தாள். கண்ணின் கருமணி அகன்று கிடந்தது. அவளை அள்ளிக்கொண்டு ஆட்டோவில் ஏறினோம்.

ஆட்டோக்காரர் கண்ணாடியில் பார்த்தார். "கொயந்த இன்னாக்கா துன்னுச்சு?"

"பிளாக்பெர்ரிதான். ஒண்ணும் ஆகாது" என்றார் கணவர். வழியெல்லாம் அதையே சொல்லிக்கொண்டு வந்தவர், வேலப்பன்சாவடி தாண்டியதும் ஆட்டோக்காரரை வேகமாகப் போகச் சொன்னார்.

மகள் இப்போது நன்றாக இருக்கிறாள். அதைச் சொல்லிவிடுகிறேன். ஆனால் அன்று குமணன்சாவடி ஆஸ்பத்திரியில் அது எங்களுக்குத் தெரியாது. நான் செடியைச் சொன்னதும் டாக்டர் ஒன்றுதான் கேட்டார்: "பழமா, காயா?"

"பழம்தான் டாக்டர். கறுப்புப் பழம். நானே தின்னிருக்கேன்" என்றார் கணவர்.

மகள் மெல்லக் கண்ணைத் திறந்தாள். "கறுப்பெல்லாம் உனக்குப்பா. நீ ஊருக்குப் போகணும்ல. நான் பச்சைதான் தின்னேன்."

கணவர் அவளுடைய கவுன் பையில் கையை விட்டார். கறுப்புப் பழங்களைக் கைக்குட்டையில் சுற்றி வைத்திருந்தாள். ஒன்றுகூட நசுங்கியிருக்கவில்லை.