தண்ணீர்த் தொட்டியில் குளவிக்கூடு

போன கோடையில் ஒரு நண்பகல். திண்டிவனத்தில் எங்கள் வீட்டு மொட்டைமாடியில் தண்ணீர்த் தொட்டியின் மூடியைத் திறந்தேன். அதன் அடியில் குளவிகள் கூடு கட்டியிருந்தது எனக்குத் தெரியாது. முகம், கழுத்து என்று கொட்டித் தீர்த்துவிட்டன. கத்தினேன். உதடு தடித்தது, தொண்டை இறுகியது, மூச்சு திணறியது. கணவர் விழுப்புரத்தில் வேலையில் இருந்தார்.

ஓடி வந்தவர் பக்கத்து வீட்டு மல்லிகா அக்கா. யார் வீட்டுச் சாக்கடையால் கொசு பெருகுகிறது என்று சண்டை போட்டு, நாங்கள் பேச்சை நிறுத்தி ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது.

சுற்றிப் பறந்த குளவிகளுக்கு நடுவே என்னைக் கைத்தாங்கலாகக் கீழே இறக்கினார். ஸ்கூட்டரில் ஏற்றி, நான் விழுந்துவிடாமல் துப்பட்டாவால் தன் இடுப்போடு சேர்த்துக் கட்டினார்.

"ஜல்தியா போயிடலாம். எதுனா பேசிக்கினே வா, கண்ண மூடாத!"

எனக்குக் குரல் வரவில்லை. அவர் முதுகில் விரலால் தட்டினேன்.

"ஆங், அது போதும். அப்பிடியே தட்டிக்கினு வா."

ஆஸ்பத்திரியில் ஊசி போட்டார்கள். "இன்னும் லேட் ஆயிருந்தா கஷ்டம்மா," என்றார் டாக்டர்.

மூச்சு சீரான பிறகுதான் அக்காவின் கைகளைப் பார்த்தேன். இரண்டும் பன் மாதிரி வீங்கியிருந்தன.

"உங்களையும் கொட்டிச்சா? ஏங்க்கா சொல்லல?"

"சொல்லிக்கினு நின்னா வண்டிய யாரு ஓட்றது?"

அந்தக் கைகளைப் பிடித்துக்கொண்டு அழுதேன். இப்போதும் ஆழமாக மூச்சு இழுக்கும்போது அவர் நினைவு வருகிறது. அத்தனை நாள் கோபம், என் சத்தம் கேட்டதும் அவரை ஒரு நொடிகூடத் தயங்க வைக்கவில்லை.