கோபுரத்தில் நான்காவது குரல்

செப்புக் கொப்பரையின் அடியில் பிடித்துக்கொண்ட சர்க்கரையை ரோஸ்விதா மரக்கரண்டியால் சுரண்டிக்கொண்டிருந்தாள். வெந்நீரை ஊற்றி ஊறவிட்டால் தானாகவே விட்டுவிடும். ஆனால் கடைக்கு முன்னால் ஆட்கள் நிற்கிறார்கள். அடுத்த ஈடு பாதாமைப் போட்டாக வேண்டும். தண்ணீரும் சர்க்கரையும் பட்டையும் கொதிக்கும்போது பாதாமைக் கொட்டிக் கிளறினால், முதலில் எல்லாம் மணல் மாதிரி வறண்டுபோகும். புதிதாகச் செய்கிறவர்கள் அந்த இடத்தில் பயந்துபோய் இறக்கிவிடுவார்கள். விடாமல் கிளறினால் அதே மணல் மறுபடி உருகி, பளபளவென்று பாதாமைச் சுற்றிக்கொள்ளும். டிசம்பர் சந்தையில் பல வருடமாக அவளுக்கு இதுதான் வேலை.

மாலை ஆறு மணி நெருங்கும்போது மட்டும் அடுப்பைத் தணித்துவிடுவாள். புகை இழுக்கும் விசிறியையும் நிறுத்துவாள். அந்த நேரத்தில் சந்தை முழுவதும் ஒலிபெருக்கி ஓய்ந்துவிடும். தேவாலயக் கோபுரத்தின் உச்சி மாடத்திலிருந்து நான்கு பேர் ஊதுவார்கள். இரண்டு டிரம்பெட், இரண்டு டிராம்போன். கீழேயிருந்து பார்த்தால் ஆள் தெரியாது. கைப்பிடிச் சுவருக்கு மேல் பித்தளை மட்டும் மின்னும். அந்த நால்வரில் அடிக்குரலை ஊதுகிறவர் அவள் கணவர் லோத்தார்.

பத்தொன்பது வயதில் ஏறியவர். அப்போது எங்கள் ஊரில் சலவை இயந்திர ஆலை ஓடிக்கொண்டிருந்தது. லோத்தாருக்கு அங்கே கடைசல் பிரிவில் வேலை. சர்ச் பக்கம் போகிறவர்களை அரசாங்கம் குறித்து வைத்துக்கொண்ட காலம் அது. மேலதிகாரி கூப்பிட்டு விசாரித்தபோது, "நான் சாமி கும்பிடவா போறேன்? காத்து வாங்கப் போறேன்" என்றாராம். பிறகு கிழக்கும் மேற்கும் சேர்ந்து நாடு ஒன்றானது, ஆலையைப் பூட்டினார்கள். லோத்தார் மேற்குப் பக்கத்தில், பவேரியாவில் ஒரு பட்டறையில் சேர்ந்தார். ஞாயிறு இரவு போவார், வெள்ளி இரவு வருவார். அங்கே கடைசிவரை அவருக்கு "கிழக்கத்திக்காரன்" என்றுதான் பெயர். வருட விடுமுறை மொத்தத்தையும் சேர்த்து வைத்து டிசம்பரில் எடுப்பார். கடலைப் பார்க்க வேண்டும் என்று ரோஸ்விதா ஆசைப்பட்ட கோடைகள் எல்லாம் அப்படித்தான் கோபுரத்துக்குப் போயின. மகனும் வளர்ந்து ஹாம்பர்க்கில் குடியேறிவிட்டான். ஆலை வெளியே அனுப்பியது, வயதானதும் பட்டறையும் அனுப்பியது. கோபுரம் மட்டும் அவரைப் போகச் சொல்லவில்லை.

இந்த வருடம் இலையுதிர்காலத்தில் அவருக்கு மேல்வரிசை முன்பற்களைப் பிடுங்கிப் பல்செட் வைத்தார்கள். டிராம்போன் ஊத வேண்டுமென்றால் உதட்டை வாய்க்குமிழில் அழுத்த வேண்டும். அழுத்தினால் பல்செட் நகர்கிறது. பசை போட்டுப் பார்த்தார், வேறு பசை போட்டுப் பார்த்தார். நிலவறையில் உட்கார்ந்து பழகும்போது, மேலே சமையலறையில் இருந்த ரோஸ்விதாவுக்குப் பஞ்சரான டயரிலிருந்து காற்றுப் போகிற மாதிரி ஒரு சத்தம் கேட்கும். அவள் வானொலியைக் கொஞ்சம் கூட்டி வைத்துக்கொள்வாள்.

கோபுரத்தில் இடத்தை விட்டவர் மறுபடி ஏறுவதில்லை. எங்கள் ஊரில் அப்படித்தான். அதனால் லோத்தாருக்கு இந்த டிசம்பரைத் தாண்டிவிட வேண்டும். வசந்தத்துக்குள் வாய் பழகிவிடும் என்று பல் மருத்துவர் சொல்லியிருந்தார்.

சந்தையின் முதல் நாள் மாலை ரோஸ்விதா விசிறியை நிறுத்திவிட்டு நின்றாள். மூன்று குரல்கள் வந்தன. நான்காவதற்காகக் காதைத் தீட்டிக்கொண்டு முழுப் பாட்டையும் கேட்டாள். கீழே தரையே இல்லாத வீடு மாதிரி இருந்தது.

பக்கத்துக் கடையில் சாஸேஜ் சுடுகிற ஹைக்கோ எட்டிப் பார்த்தான். "என்ன ரோஸ்விதா, மேல இருக்கறவங்க டயட்ல இருக்காங்களா? சத்தம் மெலிஞ்சு போச்சு?"

"உன் சாஸேஜ் மெலிஞ்சு போச்சு, மொதல்ல அதப் பாரு."

"என் சாஸேஜ ஏன் இழுக்கற? அது பாட்டுக்கு வெந்துட்டிருக்கு."

"வேகல, கருகுது."

அன்று இரவுச் சாப்பாட்டில் லோத்தார் ரொட்டியைச் சின்னச் சின்னதாகப் பிய்த்து, சூப்பில் நனைத்துச் சாப்பிட்டார். தலையைத் தூக்காமலே கேட்டார்.

"கேட்டுச்சா?"

"கேட்டுச்சு."

"என்னோடதும்?"

"உன்னோடதும்தான். காத்து கொஞ்சம் அந்தப் பக்கம் அடிச்சுது. ஆனா கேட்டுச்சு."

உப்பு சரியா என்று கேட்டால் சரி என்று சொல்வதைப் போலத்தான் சொன்னாள். அவர் முகம் தளர்ந்ததைப் பார்த்தாள். இன்னொரு கரண்டி சூப் ஊற்றினாள். ஊதுகிறவருக்குத் தன் சத்தம் எலும்பு வழியாகவே கேட்டுவிடும், வெளியே போயிற்றா இல்லையா என்பது அவருக்கே நிச்சயமில்லை. அதனால்தான் கேட்கிறார் என்பது அவளுக்குத் தெரியும். மறுநாளும் கேட்டார், அதற்கடுத்த நாளும் கேட்டார். அவளும் அதே பதிலைக் கொஞ்சம் மாற்றி மாற்றிச் சொன்னாள். ஒருநாள் பனியைக் காரணம் காட்டினாள். ஒருநாள், "நேத்தவிட இன்னிக்குத் தேவல" என்றுகூடச் சொல்லிவிட்டாள்.

குழுவை நடத்துகிறவர் சீக்மார், ஓய்வுபெற்ற தபால்காரர். வழக்கமாக ஊதி முடித்து இறங்கியதும் நேராக ரோஸ்விதாவின் கடைக்கு வந்து, "வயசான ஏழைக்கு நாலு பாதாம் போடும்மா" என்று கை நீட்டுவார். இந்த வருடம் அவர் சந்தையின் அந்தப் பக்கமாகவே போய்விட்டார். அவளும் அவரைக் கூப்பிடவில்லை.

டிசம்பரின் மூன்றாம் ஞாயிறுக்கு முந்தைய நாள், சனிக்கிழமை. கூட்டம் தள்ளுமுள்ளாக இருந்தது. ஆறு மணிக்கு ரோஸ்விதா விசிறியை நிறுத்தினாள். பாதாமைக் கொட்டி ஆறவைக்கும் தகரத் தட்டில் அவள் கை ஊன்றியிருந்தது. முதல் வரியிலேயே அடிக்குரல் வந்தது. வந்தது என்றால், மற்ற மூன்றையும் தூக்கிப் பிடித்துக்கொண்டு வந்தது. உள்ளங்கையின் கீழே தட்டு லேசாக அதிர்ந்தது.

"அட, ஆள் வந்துட்டான்பா" என்றான் ஹைக்கோ.

அவள் ஒரு பெரிய கூம்புப் பையில் பாதாமை நிரப்பி அவனிடம் நீட்டினாள்.

"எதுக்கு இது? எனக்கா, இல்ல என் சாஸேஜுக்கா?"

"வாய மூடிட்டுத் தின்னு."

புதுப் பசை ஒட்டிவிட்டது என்று நினைத்தாள். மருத்துவர் வசந்தம் என்றார், டிசம்பரிலேயே பழகிவிட்டது. கடையை உதவிக்கு வரும் பெண்ணிடம் விட்டுவிட்டுச் சீக்கிரமே வீட்டுக்குப் போனாள். உருளைக்கிழங்கை வேகவைத்து, அவரால் மெல்ல முடிகிற பதத்துக்கு மசித்தாள். அலமாரியின் மேல்தட்டில் துணி சுற்றி வைத்திருந்த ஸ்டொலனை இறக்கினாள். சர்க்கரைப்பொடி தூவிய அந்தப் பழ ரொட்டியை அவர்கள் வீட்டில் கிறிஸ்துமஸுக்கு முன் யாரும் தொட்டதில்லை. அன்றைக்கு அவளே கத்தியை எடுத்து வெட்டினாள்.

லோத்தார் வழக்கத்தைவிடத் தாமதமாக வந்தார். டிராம்போன் பெட்டியை நிலவறைக்குக் கொண்டுபோகாமல் கதவோரம் வைத்தார். தட்டில் ஸ்டொலனைப் பார்த்தார்.

"என்ன விசேஷம்?"

"ஒக்காரு, சொல்றேன். இன்னிக்கு என்னமா ஊதின லோத்தார். தட்டு அதிர்ந்துச்சு, என் கைக்குக் கீழ. அந்த மூணு பேரையும் நீ தூக்கிட்டுப் போன மாதிரி இருந்துச்சு. ஹைக்கோ கூடச் சொன்னான், ஆள் வந்துட்டான்னு. எனக்குக் கண்ணே கலங்கிப்போச்சு, போ."

அவர் உட்கார்ந்தார். கையுறையைக் கழற்றவில்லை.

"அவ்வளவு நல்லா இருந்துச்சா?"

"பொய்யா சொல்றேன்? இந்த வருஷத்துலயே இன்னிக்குத்தான்..."

அவர் முகத்தில் சந்தோஷம் இல்லை. கோபம்கூட இல்லை.

"பிரான்சிஸ்கா ஊதினா" என்றார். "ஆஸ்பத்திரியில நர்ஸா இருக்கே, அந்தப் பொண்ணு. சீக்மார்தான் கூட்டிட்டு வந்தான். நான் படியில ஒக்காந்திருந்தேன், எல்லாரோட கோட்டையும் மடியில வச்சுக்கிட்டு."

ரோஸ்விதா எதிர் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"சீக்மார் போன வாரமே சொன்னான். லோத்தார், உன்கிட்டருந்து காத்துதான் வருது, இந்த வருஷம் விட்டுக்குடுன்னான். நான் சண்டைக்குப் போனேன். என் பொண்டாட்டி கீழ கடையில நிக்கறா, அவளுக்கே கேக்குது, பக்கத்துல நிக்கற உங்களுக்குக் கேக்கலையான்னு கத்தினேன். அவங்க ஒருத்தர ஒருத்தர் பாத்துக்கிட்டாங்க. நான் ஜெயிச்சுட்டேன்னு நெனச்சேன்."

"லோத்தார்..."

"மொத நாளே நீ சொல்லியிருந்தா நானே எறங்கியிருப்பேன். என் வாயால நானே சொல்லிட்டு எறங்கியிருப்பேன்."

மசித்த உருளைக்கிழங்கில் ஆவி அடங்கிக்கொண்டிருந்தது. அவள் கரண்டியை எடுத்தாள், திரும்ப வைத்தாள். உனக்கு வலிக்கக்கூடாது என்றுதான் சொன்னேன் என்று சொல்லலாம். அது உண்மையும்கூட. ஆனால் சாப்பாட்டு மேசையில் ஒரு மௌனத்தைத் தாங்க முடியாமல்தான் ஒவ்வொரு நாளும் அப்படிச் சொன்னாள் என்பதும் உண்மை.

அவர் எழுந்தார். நாற்காலியை மேசைக்குள் தள்ளி வைத்தார்.

"ஒண்ணு மட்டும் சொல்லு. நான் ஊதின நாள்ல எல்லாம், அங்க நின்னு நீ என்னதான் கேட்டே?"

ரோஸ்விதா மேசைமேல் சிந்தியிருந்த சர்க்கரைப்பொடியை விரலால் ஒரு ஓரமாகச் சேர்த்துக்கொண்டிருந்தாள். அவர் அந்த விரலைப் பார்த்தார். பிறகு கதவைச் சாத்தாமலே வெளியே போனார்.