ரெண்டுலயும் ஓடும்

ஃபேரர் பார்க் பக்கம் படகு மோட்டார் விற்ற அந்த மனிதரை நினைத்தால் இப்போதும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. ஒல்லி உடம்பு, கழுத்துவரை பொத்தான் போட்ட வெள்ளைச் சட்டை. பேசும்போது ஆளைப் பார்க்க மாட்டார். மோட்டாரைத் துணியால் துடைத்துக்கொண்டே இருப்பார்.

"பொங்கோல்ல சேத்து ஓடைக்குள்ளயும் போகணும், வெளிக்கடலுக்கும் போகணும். ஒரே மோட்டார் போதுமாண்ணே?"

"ரெண்டுலயும் ஓடும்லா."

நம்பி வாங்கினேன். கடலில் நன்றாகத்தான் போனது. மீனோடு திரும்பும்போது ஓடையில் தண்ணீர் வற்றியிருந்தது. விசிறி சேற்றைக் கடைந்து அலறியது, படகு அசையவில்லை. தண்ணீர் ஏறும்வரை வெயிலில் கிடந்தேன். மீனெல்லாம் நாறிப்போனது.

மறுநாள் சேறும் சகதியுமாக மோட்டாரைக் கொண்டுபோய் அவர் முன்னால் போட்டேன்.

"ஓடும்னு சொன்னீங்களே?"

அவர் நிதானமாகச் சேற்றைத் துடைக்க ஆரம்பித்தார். "ஏன், நின்னு போச்சா?"

"நிக்கல. அது பாட்டுக்கு ஓடிக்கிட்டுத்தான் இருந்துச்சு. படகுதான் நகரல."

"மோட்டார் ஓடும்னுதான தம்பி சொன்னேன். படகு ஓடும்னு சொன்னேனா?"

பஸ் நிறுத்தம்வரை அந்த ஆளைத் திட்டிக்கொண்டே நடந்தேன். தோளில் அவர் துடைத்துக் கொடுத்த மோட்டார் புதிதுபோல் பளபளத்தது.