சுக்குக் கிடங்கில் என் புத்தகங்கள்

எழுபத்தெட்டாம் வருடம், மலையாள இடவ மாதத்தில், நம் வைகாசியில், மழை பிடித்த வாரத்தில் எங்களைக் குடிவைத்த வீட்டுக்காரர் முதல்முறையாக மாடி ஏறி வந்தார். மாதமும் வருடமும் எனக்கு மறப்பதில்லை. வாங்குகிற ஒவ்வொரு புத்தகத்தின் முதல் பக்கத்திலும் வாங்கிய தேதியை எழுதுவேன். படித்து முடித்தால் கடைசிப் பக்கத்தில் முடித்த தேதியை எழுதுவேன். முதல் பக்கத் தேதிகள் ஏராளம். கடைசிப் பக்கங்கள் பெரும்பாலும் வெறுமையாகவே இருந்தன.

மட்டாஞ்சேரியில் கடைத்தெருவை ஒட்டிய பழைய கட்டிடம் அது. கீழே வீட்டுக்காரரின் சுக்குக் கிடங்கு. மேலே, மரப்பலகைத் தளத்தின்மேல், இரண்டு அறையும் ஓர் அடுக்களையுமாக நானும் என் கணவரும். கீழே பெண்கள் வட்டமாக உட்கார்ந்து சுக்கைத் தரம் பிரிப்பார்கள். அவர்கள் பேசுவது எங்களுக்குக் கேட்கும். நாங்கள் நடப்பது அவர்களுக்குக் கேட்கும்.

வீட்டுக்காரரின் தாத்தா காலத்திலேயே குடும்பம் தமிழ்நாட்டிலிருந்து வந்துவிட்டது. அவர் பேச்சில் பாதி மலையாளம். நாற்காலியைக் காட்டினேன், உட்காரவில்லை. ஜன்னல் உயரத்துக்குச் சுவரோரம் அடுக்கியிருந்த புத்தகங்களையும் கட்டிலுக்கு அடியில் தெரிந்தவற்றையும் பார்த்தார்.

"அம்மியாரே, இது வீடா, வாசகசாலையா?"

தமிழ்ப் பிராமணப் பெண்களை அந்த ஊரில் அப்படித்தான் கூப்பிடுவார்கள். அவர் அதைச் சொன்ன விதத்தில் மரியாதை குறைவாகவும் வருத்தம் அதிகமாகவும் இருந்தது.

எங்களைக் கீழே அழைத்துப்போய் உத்தரத்தைக் காட்டினார். அதன் பக்கவாட்டில், ஒரு சுவரிலிருந்து மறு சுவர் வரை, நூல் கட்டியிருந்தார். இரண்டு முனையிலும் உத்தரத்தின் அடி நூலோடு ஒட்டி நின்றது. நடுவில் உத்தரம் நூலைத் தாண்டிக் கீழே இறங்கியிருந்தது. அதற்கு நேர் மேலேதான் என் சுவரோர அடுக்கு.

"சுக்கு மேல விழுந்தா போகட்டும். இந்தப் பெண்ணுங்க மேல விழுந்தா நான் எந்தா பறயும்?"

அன்றே பெண்களை வாசல் பக்கமாக நகர்த்தி உட்காரவைத்து, உத்தரத்துக்கு ஒரு முட்டுக் கொடுத்துவிட்டார். இடம் நெருக்கமானதில் அவர்களுக்குக் கோபம். அவர்களில் மூத்தவள் என்னைப் பார்த்துச் சொன்னாள்: "சேச்சீ, புக்கு வாயிச்சா தலை நெறயும்னு கேட்டிருக்கு. அது எங்க தலைன்னு இப்பத்தான் தெரிஞ்சுது."

வீட்டுக்காரர் சிரிக்கவில்லை. "சிங்கம் பொறந்தா ஆசாரி வருவான். அதுக்குள்ள கனம் கொறையணும். இல்லேன்னா நீங்க வேற வீடு பாத்துக்கோங்கோ, சாமி" என்று என் கணவரிடம் முடித்துவிட்டார். சிங்கம் என்பது நம் ஆவணி. நடுவில் இருந்தது மழைக்காலம் மட்டும்.

வேறு வீடு என்பது சுலபமான பேச்சு இல்லை. என் கணவருக்குத் துறைமுகத்தில் வேலை. விடிவதற்கு முன் தொடங்கும் ஷிப்டுக்கு அவர் இங்கிருந்துதான் சைக்கிளில் போக முடியும். எங்கள் வாடகைக்கு மட்டாஞ்சேரியில் இன்னொரு இடம் கிடையாது. மிஞ்சினால் திருப்பூணித்துறையில் அவருடைய அண்ணா வீடு. அங்கிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்தாலும் ஷிப்டுக்குப் போய்ச் சேர முடியாது. வீடு போனால் வேலையும் ஆட்டம் காணும்.

இத்தனைக்கும் காரணம் போட்டு ஜெட்டிதான், எர்ணாகுளத்துப் படகுத்துறை. எனக்கு எர்ணாகுளத்தில் ஆபீஸ். சாயங்காலம் மட்டாஞ்சேரிக்குப் போட்டு வருவதற்குள் நடைபாதையில் ஒருவர் பழைய புத்தகம் பரப்பியிருப்பார். இங்கிலீஷும் மலையாளமும் எப்போதும் உண்டு. தமிழ் எப்போதாவது வரும். யாரோ கோயம்புத்தூரிலிருந்து ரயிலில் கொண்டுவந்து விட்டுப்போனதாக இருக்கும். இன்று விட்டால் இனி வராது என்று வாங்கிவிடுவேன். அந்தப் பயம் பிறகு எல்லாப் பாஷைக்கும் பரவிவிட்டது.

"மொத்தம் எத்தனை இருக்கும்?" என்று கணவர் கேட்டார்.

"எண்ணிப் பாக்கலை."

"தேதி எழுதத் தெரியறது, எண்ணத் தெரியலையோ? சரி, கேட்டுக்கோ. இனி ஒண்ணும் மேடிக்கப்படாது, வாங்கினது போறும். இருக்கறதைக் கொடுத்து ஒழிக்கணும்."

"வாசிச்சதைக் கொடுக்கறேன். வாசிக்காததைக் கொடுக்கமாட்டேன்."

"வாசிக்காததைக் கொடுத்தா என்ன நஷ்டம்? உள்ள என்ன இருக்குன்னே நோக்குத் தெரியாதே."

"அதுதான் நஷ்டம்."

அவர் விளக்கைத் தூக்கி அடுக்கைப் பார்த்தார். "அப்போ வாசி. மழை நிக்கறதுக்குள்ள வாசி."

வாசித்தேன். மிதுனம் முழுக்கப் போட்டில் நின்றுகொண்டு, ஆபீஸில் சாப்பாட்டு டப்பாவைத் திறந்துவைத்துக்கொண்டு, அடுப்பில் அரிசி கொதிக்கும்போது என்று வாசித்தேன். ரசிக்கவில்லை, ஓடினேன். முடித்த மலையாளத்தையும் இங்கிலீஷையும் பக்கத்துத் தெரு வாசகசாலைக்குக் கொடுத்தேன். தமிழை ஆபீஸில் அந்தப் பாஷை தெரிந்த இரண்டு பேர் தலையில் கட்டினேன். ஜெட்டியில் நடைபாதைக்காரரைத் தாண்டும்போது காயலைப் பார்த்துக்கொண்டே நடப்பேன். அவர் விடமாட்டார்.

"சேச்சீ, தமிழ் வந்திருக்கு! சேச்சிக்குன்னு பொதிஞ்சு வச்சிருக்கேன்."

நான் பையை மாரோடு அணைத்துக்கொண்டு போட்டில் ஏறிவிடுவேன். அந்தப் பொட்டலத்தில் என்ன இருந்தது என்ற நினைப்பு மட்டாஞ்சேரி வரை கூடவே வரும்.

கர்க்கடகம், நம் ஆடி, பிறந்தது. மழை ஜன்னல் வழியாகவும் சுவர் வழியாகவும் வந்தது. ஒரு நாள் வீட்டுக்காரர் மறுபடியும் எங்களைக் கீழே கூப்பிட்டார். நூல் அங்கேயே இருந்தது. உத்தரம் முன்னைவிட இறங்கியிருந்தது. முட்டின் தலைப்பக்கம் மரம் நசுங்கத் தொடங்கியிருந்தது.

"கொறச்சேன்னு பறஞ்சீங்க."

"குறைச்சேன் முதலாளி. இவ்வளவு புஸ்தகம் போயிருக்கு" என்று கையை இடுப்பு உயரத்துக்குக் காட்டினேன்.

வாசகசாலைக்குப் போகவேண்டிய கட்டு ஒன்று என் கையில் இருந்தது. அதை வாங்கிச் சுக்கு நிறுக்கும் தராசில் வைத்தார். தட்டு சரியாக அசையக்கூட இல்லை. எல்லாம் மெலிந்த நாவல்கள். ஓட்டத்தில் சின்னச் சின்னதாகப் பொறுக்கி முடித்திருக்கிறேன் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. சரித்திரம், அகராதி, கப்பல் வணிகம் என்று கட்டை கட்டையாக வாங்கியவை ஒன்றும் இடத்தைவிட்டு நகரவில்லை.

"கர்க்கடகத்தில சுக்கே வெள்ளம் குடிச்சுக் கனக்கும். காகிதம் சும்மாவா இருக்கும்?" என்றார் வீட்டுக்காரர். "நீங்க ஒண்ணு வாசிக்கறதுக்குள்ள மத்ததெல்லாம் மழையைக் குடிக்குது. எல்லாத்தையும் இன்னைக்கே இறக்குங்கோ."

எடைக்குப் போட்டுவிடலாம் என்று கணவர் என் முகத்தைப் பார்க்காமலே சொன்னார். நான் வீட்டுக்காரரைப் பார்த்துக் கேட்டேன்: "முதலாளி, வாசல் பக்கம் பலகை போட்டு மூட்டை அடுக்கறேளே, அதில் ஒரு மூலை கொடுப்பேளா?"

"நான் சுக்கு வியாபாரியாக்கும்."

"சாக்குல கட்டி வச்சா யாருக்குத் தெரியும்?"

மூத்தவள் பின்னாலிருந்து, "கொடுங்க முதலாளி. கீழே இருந்தா விழாதில்லே" என்றாள். மற்றவர்கள் சிரித்தார்கள். அவர் கையை வீசிக்கொண்டு உள்ளே போனார். அதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டோம். அன்று பகல் முழுக்கக் காலிச் சாக்குகளில் புத்தகம் நிரப்பினோம். பெண்களும் கைகொடுத்தார்கள். மேல் தளம் வெறிச்சென்று ஆனது.

சிங்கம் பிறந்ததும் ஆசாரி வந்தார். உத்தரம் சுவருக்குள் நுழையும் இடத்தில் பூச்சைக் கொத்திவிட்டு உளியை வைத்து அழுத்தினார். உளி வெண்ணெயில் இறங்குவதுபோல் உள்ளே போனது. கூரையிலிருந்து சுவர் வழியாக எத்தனையோ வருடமாகத் தண்ணீர் இறங்கி முனை உளுத்துப்போயிருந்தது.

"கேட்டேளா முதலாளி, புஸ்தகம் இல்லை, வெள்ளமாக்கும்" என்றார் கணவர். பல வாரமாக அடக்கிவைத்திருந்த குரல்.

"மரம் கெட்டதா இருந்தாலும் கனம் கனம்தானே, சாமி" என்றார் வீட்டுக்காரர். ஆனால் எங்கள் கண்ணைப் பார்க்கவில்லை. உத்தரத்தை மாற்றவேண்டும், தளத்தைப் பிரிக்கவேண்டும், அதுவரை நீங்கள் வேறெங்காவது இருக்கவேண்டும் என்று ஆசாரியைப் பார்த்தே சொன்னார்.

கணவர் அன்று சாப்பிடவில்லை. "இறங்கினா திரும்ப ஏத்தமாட்டார். அடுத்த சந்துல ஒருத்தரை இப்படித்தான் ரிப்பேருக்குன்னு இறக்கினா. திரும்பி வந்தப்போ வேற ஆள் குடியிருக்கான்" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "நம்ம சாமான் கொஞ்சம் இங்கயே இருந்தா, காலி பண்ணிட்டான்னு சொல்லமுடியாது" என்றார்.

எனக்குச் சாக்குகள் ஞாபகம் வந்தன.

மறுநாள் வீட்டுக்காரரிடம் கேட்டேன். புத்தக மூட்டைகள் அங்கேயே இருக்கட்டும். சனிக்கிழமை அரை நாள் ஆபீஸ் முடிந்ததும் வருவேன். ஒன்றை எடுத்துக்கொண்டு, வாசித்ததை வைத்துவிட்டுப் போவேன். "அதுக்கென்ன" என்றார். அது மாடியின்மேல் எங்களுக்கு ஒரு பிடி என்று அவர் யோசித்ததாகத் தெரியவில்லை.

திருப்பூணித்துறைக்குப் போனோம். கணவர் முதல் நாள் இரவே துறைமுகத்துக்குப் போய் அங்கே ஒரு ஷெட்டில் படுத்துவிட்டு ஷிப்டுக்கு எழுந்திருப்பார். இருமல் வந்தது. எத்தனை நாள் தாங்கும் என்று தெரியவில்லை.

சனிக்கிழமை தவறாமல் கிடங்குக்குப் போனேன். எல்லோரும் பார்க்கும்படி மூட்டைமேல் உட்கார்ந்து, சாக்குக்குள் கையை விட்டு, அகப்பட்டதை எடுப்பேன். முதல் வாரம் கப்பல் வணிகத்தைப் பற்றிய தடித்த புத்தகம் வந்தது. திருப்பி வைக்கலாம் என்று பார்த்தேன், மூத்தவள் பார்த்துக்கொண்டிருந்தாள். எடுத்துப்போய் ஒரு வாரத்தில் வாசித்துத் தீர்த்தேன். அடுத்த சனிக்கிழமை அவள் கேட்டாள்: "இதுல என்ன கதை, சேச்சீ?"

இந்தத் துறையிலிருந்து மிளகும் சுக்கும் ஏற்றிக்கொண்டு அரபு நாட்டுக்குப் போன கப்பல்களைச் சொன்னேன். எல்லோரும் கை நிற்காமல் கேட்டார்கள். முடித்ததும் ஒருத்தி கேட்டாள்: "அப்பவும் கூலி இதுதானோ?"

அதன்பின் வாசிக்காமல் போக முடியவில்லை. ஒவ்வொரு வாரமும் கதை கேட்பார்கள். சொல்லாவிட்டால் நான் வருவதற்கு அர்த்தம் இல்லை; நான் வராவிட்டால் மாடி காலி. திருப்பூணித்துறையில் அண்ணா குழந்தைகளின் சத்தத்துக்கு நடுவே, ஒரு மூலையில், பரீட்சைக்குப் படிப்பதுபோல் படித்தேன். மழையில் ஓடியபோது வாசித்தது ஒன்றும் மனதில் தங்கவில்லை. இப்போது சொல்லவேண்டியிருந்ததால் தங்கியது.

கன்னி மாதத்தில் ஒரு சனிக்கிழமை. அந்த வாரம் அண்ணா வீட்டில் காய்ச்சல். புத்தகத்தின் கடைசிப் பகுதி வாசிக்காமல் கிடந்தது. கிடங்கில் நுழைந்தபோது மாடிப்படியில் வீட்டுக்காரரும் வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவரும் இறங்கிக்கொண்டிருந்தார்கள். "குழாயில் வெள்ளம் எப்ப வரும்?" என்று அவர் கேட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் வீட்டுக்காரர் பதிலை நிறுத்தினார்.

புதுப் பலகை வாசனை படி வழியாக இறங்கி வந்தது. வேலை முடிந்திருக்கிறது, எங்களுக்குச் சொல்லவில்லை.

"இது யாரு?" என்றார் வெள்ளைச் சட்டைக்காரர்.

வீட்டுக்காரர் வாயைத் திறப்பதற்குள் மூத்தவள், தலையைத் தூக்காமல், "மேல குடியிருக்கற சேச்சி" என்றாள்.

"மேல யாரும் இல்லைன்னு பறஞ்சாரே?"

"இந்தச் சாக்கெல்லாம் பின்னே யாருதாம்? முழுக்க சேச்சியோட புக்கு. வாயிச்சுத் தீராம இங்கேருந்து போகமாட்டா."

மூட்டைமேல் உட்கார்ந்தேன். யாரும் கேட்காமலே அந்த வாரத்துக் கதையை, வீட்டைவிட்டுப் போன ஒரு பெண்ணின் கதையை, தொடங்கினேன். நிறுத்தினால் எழுந்து போகச் சொல்லிவிடுவார்களோ என்று நீட்டி நீட்டிச் சொன்னேன். வெள்ளைச் சட்டைக்காரர் கொஞ்சம் நின்று கேட்டார். பிறகு சாக்குகளை ஒரு பார்வை பார்த்து, "இது அடுத்த ஓணத்துக்கும் தீராது" என்று வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டுக் குடையை விரித்துக்கொண்டு போனார்.

வீட்டுக்காரர் தராசுக்குப் பக்கத்தில் நின்றார். பெண்கள் சுக்கைப் பிரித்தபடி அவரைப் பார்த்தார்கள்.

"அம்மியாரே," என்றார் கடைசியில், "அடுத்த மாசம் துலாம் பொறந்ததும் சாமியை வந்து சாவி வாங்கிக்கச் சொல்லுங்கோ. ஆனா இந்தச் சாக்கு ஒண்ணும் மேல ஏறப்படாது."

"ஏறாது முதலாளி."

எண்பதுகளில் அந்த வீட்டை விடும்வரை ஏறவும் இல்லை. ஒரு புத்தகம் கீழே போனால்தான் இன்னொன்று மேலே வந்தது.

அன்று நான் எழுந்திருக்கப் பார்த்தேன். மூத்தவள் முழங்காலில் தட்டினாள். "கதையை எங்க விட்டுட்டுப் போற? அவ வந்தாளா இல்லையா?"

"தெரியாது. அதுவரைக்கும்தான் வாசிச்சேன்."

"அடிப்பாவி! பின்னே இத்தனை நேரம் சொன்னது?"

புத்தகத்தைத் திறந்து, விட்ட இடத்திலிருந்து வாசித்து, தெரிந்த மலையாளத்தில் சொல்லிக்கொண்டே போனேன். என் போட்டு போய்விட்டது; அதற்கடுத்ததும் போயிற்று. முடிந்தபோது கடைசிப் பக்கத்தில் தேதி எழுதப் பையில் பேனாவைத் தேடினேன், இல்லை. வீட்டுக்காரர் தன் சட்டைப் பையிலிருந்து எடுத்து நீட்டினார்.